பாடும் பறவையும் படக்கருவியும்

கையளவே உள்ள ஒரு சிட்டைப் படமெடுப்பது புலியைப் படமெடுப்பதைவிடக் கடினம் என்று சொன்னால் பலர் நகைப்பர். அத்துறையில் முயன்று பார்த்தவர்கள் நகைப்பதில்லை. புலி உருவத்தில் பெரியது; நடந்தால் நிதானமாக நடக்கும்; படுத்தால் நாழிகைக் கணக்கில் படுத்தே கிடக்கும். நம் வீட்டுக் கொல்லையில் செம்பருத்திச் செடிக்குள் புகுந்து புறப்படும் தையல்சிட்டின் எடையோ பத்துக் கிராமைத் தாண்டாது. ஓரிடத்தில் இரண்டு வினாடி நிற்பதே அதற்குப் பெரிய ஓய்வு. அது வாழும் இடம் இலைகளின் அடிநிழல். காக்கைக்கும் பூனைக்கும் வல்லூறுக்கும் அஞ்சி, வெளிச்சத்தை விட்டு விலகி வாழக் கற்றுக்கொண்ட உயிர் அது.

காமிராவோ வெளிச்சத்தை உண்டு வாழும் கருவி. நிழலை நாடும் பறவையையும் ஒளியை நாடும் கருவியையும் ஓரிடத்தில் சந்திக்க வைப்பது எப்படி? கடந்த நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைப் படக்கலைஞர்கள் இந்தக் கேள்வியோடு மல்லாடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் சிலவற்றுக்குப் பறவை கொடுத்த விலை பெரிது. அந்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

புகைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளியை ஆராய்ந்த இப்னுல் ஹைதமிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பெருமைக்குரிய தொடக்கமே. எனினும் பறவைப் படத்தைப் பொறுத்தவரை நாம் கண்ணாடி வில்லையைவிடத் தூரிகைக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு பறவையைச் சட்டத்துக்குள் எங்கே வைப்பது, எப்பக்கம் பார்க்க வைப்பது, அதன் பின்னே எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்பனவற்றையெல்லாம் ஓவியர்கள் முன்பே தீர்த்து வைத்துவிட்டனர்.

1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர் பாதுஷாவின் அவையில் உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் இருந்தார். 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அதிசயம் என்று பாதுஷா அவருக்குப் பட்டம் சூட்டினார். மன்சூரின் பறவைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும். அலகு முதல் வால் வரை ஒன்றும் மறையாது. காலடியில் இரண்டொரு செடி இருக்கலாம். பின்னே வெறும் நிறந்தான். தரையில் நிழல் விழாது. ஒளி ஒரு திசையிலிருந்து வராமல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, இறகுக்கு இறகு எண்ணிக்கொள்ளலாம் என்னும்படி இருக்கும். முகலாயப் பேரரசர்களின் இயற்கை ஆர்வத்தைப் பற்றி 1927-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதத் தொடங்கியவர் ஓர் இளைஞர். பின்னாளில் உலகமே அறிந்த பறவையியல் அறிஞர் ஸாலிம் அலிதான் அவர். அவரை மீண்டும் சந்திப்போம்.

மன்சூருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், பாட்னாவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஷைகு ஜைனுத்தீன் அதே மரபை இன்னும் துலக்கமாக்கினார். கல்கத்தாவின் தலைமை நீதிபதி எலிஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்து வந்தார். அவற்றை ஓவியமாக்க 1777-ஆம் ஆண்டளவில் ஜைனுத்தீனையும், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் மற்றிருவரையும் அமர்த்தினார். இம்மூவரும் தீட்டியவை முந்நூறுக்கும் மேல். அகன்ற வெள்ளைத் தாள். அதில் காய்த்த மரத்தின் ஒரு கிளை. கிளையில் பக்கவாட்டில் ஒரு பறவை. மீதியெல்லாம் வெறும் வெண்மை. இன்று எந்தப் பறவைப் படப் போட்டிக்குச் சென்றாலும் பரிசு பெற்ற படங்களில் பாதி இந்த அமைப்பில்தான் இருக்கக் காணலாம். வெள்ளைத் தாளின் இடத்தில் மங்கலான பச்சை இருக்கும், அவ்வளவே வேறுபாடு.

ஆனால் ஓவியனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் முன் இருந்தது கூண்டுப் பறவை. அல்லது உயிரற்ற பறவை. அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபான், சுட்டு வீழ்த்திய பறவையைக் கம்பியால் கட்டி நிறுத்தி, பறப்பது போலவும் இரை தேடுவது போலவும் வளைத்து வைத்து வரைந்தார். ஒளி ஓவியனின் சொற்படி நடக்கும். புகைப்படக்காரன் ஒளியின் சொற்படி நடக்க வேண்டும்.

அப்படி முதலில் நடந்து பார்த்தவர்களில் தலையாயவர்கள் இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர்கள். யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் துவெயிட் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள். மூத்தவர் ரிச்சர்ட், 1862-இல் பிறந்தவர். சிறுவயதில் கூடு தேடி மரமேறி விழுந்ததில் இடுப்பெலும்பு பிசகி, வாழ்நாள் முழுதும் ஊனத்தோடு நடந்தார். இளையவர் செர்ரி, 1871-இல் பிறந்தவர். ரிச்சர்டு எழுதுவார், செர்ரி படமெடுப்பார். 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று லண்டனுக்கு வடக்கே ஒரு புதரில், பாடும் பூங்குருவி ஒன்றின் கூட்டை முட்டைகளோடு செர்ரி படமெடுத்தார். அந்த ஒரு படத்திலிருந்து பிறந்த எண்ணம் மூன்றாண்டுகளில் நூலாயிற்று. 1895-இல் வெளிவந்த அவர்களுடைய 'பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள்' முழுவதும் புகைப்படங்களையே விளக்கப் படங்களாகக் கொண்ட முதல் இயற்கை நூல் எனப் போற்றப்படுகிறது. அதே 1895-இல் ஆர். பி. லாட்ஜ் என்பவர் கூட்டில் அடைகாக்கும் ஆட்காட்டிப் பறவையைப் படமெடுத்து, லண்டனில் பதக்கம் பெற்றார்.

பறவையின் அருகே செல்லச் சகோதரர்கள் செய்த உபாயங்கள் இன்று படிக்க வேடிக்கையாக இருக்கும். பொய்யான மரத்தண்டு செய்து அதற்குள் நின்றார்கள். பாடம் செய்த ஆட்டுக்குள் காமிராவை வைத்தார்கள். 1900-ஆம் ஆண்டில் ஒரு காளை மாட்டின் தோலை மரச்சட்டத்தின் மேல் போர்த்தி, உள்ளே ஒருவர் நின்று படமெடுக்கும்படி செய்தார்கள். உள்ளே ஆளிருக்க அந்த மாடு கவிழ்ந்து, நான்கு கால்களும் வானத்தை நோக்கிக் கிடக்கும் படமும் உண்டு. இதையெல்லாம் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. மனிதனைக் கண்டால் பறக்கும் பறவை மாட்டைக் கண்டால் பறப்பதில்லை என்னும் உண்மையின் மேல் நின்ற உபாயம் அது. மாடு போய்த் துணிக்கூடாரம் வந்ததே தவிர, உபாயம் இன்றும் அதுதான்.

செர்ரி கேர்ட்டன் 1900-இல் மெழுகு உருளையில் காட்டுப் பறவைகளின் பாட்டையும் பதிவு செய்தார். அப்படிப் பதிவானவற்றில் ஒன்று நைட்டிங்கேல். பாரசீகக் கவிஞர்கள் ரோஜாவின் காதலனாகப் பாடிய 'புல்புல்' இந்த நைட்டிங்கேல்தான். நம் நாட்டில் புல்புல் என்று பெயர் பெற்றிருக்கும் கொண்டைக்குருவி வேறு இனம். ஈரானியத் தோட்டத்தின் பெயரை இங்கிருந்த வேறொரு பறவைக்குச் சூட்டிவிட்டார்கள். கஸல்களில் புல்புல் என்று கேட்டதும் நம் முற்றத்துக் கொண்டைக்குருவியை மனத்தில் கொண்டுவரும் அன்பர்களுக்காக இதைச் சொன்னேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

கேர்ட்டன் காலத்துப் படங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். சிறு பறவை என்றாலே கூடு. கூட்டின் விளிம்பில் தாய். அதன் அலகில் புழு. கீழே வாய் பிளந்த குஞ்சுகள். இந்த அமைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மாறவே இல்லை. காரணம் ரசனை அன்று. அக்காலக் கண்ணாடித் தட்டுகள் மிக மெதுவாக ஒளியை வாங்குபவை. லென்ஸ்களோ தொலைவை அருகில் கொணரும் ஆற்றல் குறைந்தவை. சிட்டைத் தட்டில் ஓரளவு பெரிதாகக் காண வேண்டுமானால் காமிரா அதற்கு நாலைந்து அடி தூரத்தில் இருந்தாக வேண்டும். தெளிவுத் தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்தாக வேண்டும். நாலடிக்குள், அளந்து வைத்த இடத்துக்கு, நாள் முழுதும் திரும்பத் திரும்ப வருகின்ற சிட்டு எது? குஞ்சுக்கு இரையூட்டும் தாயும் தந்தையும் தவிர வேறில்லை. தாயன்பின் சித்திரம் என்று உலகம் போற்றிய அப்படங்களின் அமைப்பைப் பெருமளவுக்கு வகுத்தது மந்தமான கண்ணாடித் தட்டே.

இங்கேதான் பறவையின் வழக்கு தொடங்குகிறது. கூடு கட்டும் தாய், நிழலை அளந்து கட்டுகிறது. உச்சி வெயில் எங்கே விழும், எந்த இலை அதை மறைக்கும் என்பது அதற்குத் தெரியும். தையல்சிட்டு இலையின் இரு ஓரங்களையும் நாரால் தைத்துப் பைக்குள் கூடு வைப்பது எதற்காக? பிறர் கண்ணிலிருந்தும் வெயிலிலிருந்தும் குஞ்சை மறைக்கத்தானே. படமெடுக்க வந்தவனுக்கோ அந்த இலைதான் தடை. அதை விலக்கினால் கூடு தெரியும், வெளிச்சமும் விழும். இப்படிக் கூட்டின் முன்னுள்ள கிளைகளையும் இலைகளையும் ஒதுக்கிச் சீர் செய்வதற்கு ஆங்கிலப் படக்கலைஞர்கள் 'தோட்ட வேலை' என்று செல்லப் பெயர் வைத்திருந்தனர். உயரக் கிளையிலிருந்த கூட்டைச் சிறிது சிறிதாகத் தாழ இறக்கிக் கொண்டவர்களும் உண்டு.

பொறித்த சில நாட்களுக்குச் சிட்டுக் குஞ்சின் உடலில் இறகில்லை. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் இல்லை. நேர் வெயில் பட்டால் சிறிது நேரத்தில் மடிந்துவிடும். அதைத் தடுக்கத் தாய் கூட்டின் மேல் நின்று, இரு சிறகுகளையும் குடைபோல் விரித்து, வாய் திறந்து மூச்சிரைக்க நிற்கும். இத்தகைய படங்களுக்குப் 'பாசக் குடை' என்ற வகையில் தலைப்பிட்டு மகிழ்வது உண்டு. பார்க்கத் தெரிந்தவர்கள் அதில் கிளையை வெட்டியவனின் கையையும் சேர்த்தே பார்ப்பார்கள். வெயில் தப்பினாலும் வேறு ஆபத்து காத்திருக்கும். திறந்துவிட்ட கூடு காக்கையின் கண்ணில் படும்; மனிதன் நடந்த தடம் பூனைக்கு வழிகாட்டும்.

கவனமுள்ளவர்கள் அன்றே வேறு விதமாக நடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிளையை வெட்டாமல் நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, படமெடுத்ததும் அவிழ்த்துவிடுவார்கள். மறைவுக் கூடாரத்தைத் தொலைவில் நட்டு, நாளொன்றுக்குச் சில அடியாக நகர்த்தி, பறவை பழகிய பிறகே அருகில் கொண்டுவருவார்கள். ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையை எந்தக் கடையிலும் லென்ஸோடு சேர்த்து விற்பதில்லை.

வெளிச்சம் போதாத குறையைத் தீர்க்கச் சூரியனையே நம்பியிராமல் செயற்கை ஒளியைத் தேடினார்கள். மெக்னீஷியப் பொடியைக் கொளுத்தினால் ஒளியோடு புகையும் வெடிச்சத்தமும் வரும். காட்டுப் பறவைக்கு அது ஒவ்வாது. 1929-இல் ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. 1931-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்ட்டன் மின்வெட்டொளியை உருவாக்கினார். வினாடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே எரிந்து அணையும் அந்த ஒளியில், தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையின் சிறகு அசையாமல் நின்றது. மனிதக் கண் வெறும் மங்கலாக மட்டுமே கண்டிருந்த சிறகடிப்பு, இறகு இறகாகப் பிரிந்து தாளில் பதிந்தது.

இங்கிலாந்தில் இக்கருவிகளைப் பறவைகளுக்குப் பயன்படுத்துவதில் முன்னோடி எரிக் ஹாஸ்கிங். 1909-இல் பிறந்தவர். 1937-இல் ஒரு கூகையைப் படமெடுக்க இருட்டில் மறைவிடத்துக்கு ஏறியபோது, அது முகத்தில் பாய்ந்து நகத்தால் கீறியதில் இடக்கண்ணை இழந்தார். ஒற்றைக் கண்ணோடு அதற்குப் பின் அரை நூற்றாண்டு படமெடுத்தார், 1991-இல் மறைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் மின்வெட்டொளியைக் கைக்கொண்டபோது, கூட்டுக்குப் பறந்து வரும் சிறு பறவையைச் சிறகு விரித்த நிலையில் பிடிக்க முடிந்தது.

ஆனால் அந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரட்டித்தால் அதன் வலிமை நாலில் ஒன்றாகும். விளக்குக்கு ஓரடி தள்ளிச் சிட்டும், நாலடி தள்ளிப் பின்னணி இலைகளும் இருந்தால், இலைகளுக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு ஒளி. எனவே சிட்டு பளிச்சென்று தெரியும்; பின்னே மையிருட்டு. நடுப்பகலில் குஞ்சுக்கு இரையூட்டும் பறவை நள்ளிரவில் ஊட்டுவதாகத் தோன்றும். 1940 முதல் 1960 வரையிலான பல படங்களில் இந்த இருட்டைக் காணலாம். ஜைனுத்தீனின் வெள்ளைத் தாள் கறுப்புத் தாளாகிவிட்டது. அதிலும் ஓர் அழகு உண்டு என வாதிடுவோர் உண்டு. எனக்கு அது பறவையை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்தது போலவே படுகிறது.

அந்த இருட்டோடு போராடியவர்களில் எலியட் போர்ட்டரைத் தனியே சொல்ல வேண்டும். 1901-இல் அமெரிக்காவில் பிறந்த இவர் ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, உயிர்வேதியியல் கற்பித்து வந்தார். 1938-ஆம் ஆண்டின் இறுதியில் புகைப்பட உலகின் மாமேதை ஸ்டீக்ளிட்ஸ் இவருடைய படங்களைத் தம் நியூயார்க் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அதன்பின் போர்ட்டர் ஆசிரியப் பணியை விட்டு விலகிப் படக்கலையையே தொழிலாகக் கொண்டார். பறவை நூல் ஒன்றுக்காகப் பதிப்பகத்தாரை அணுகியபோது, கறுப்பு வெள்ளையில் ஒரு சிட்டுக்கும் மற்றொரு சிட்டுக்கும் வேறுபாடு தெரியாது, நிறம் வேண்டும் என்றனர். அப்போது வண்ணப் பிலிம் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

கோடாக்ரோம் என்னும் அந்த வண்ணப் பிலிமின் வேகம் இன்றைய அளவையில் ஏறத்தாழ 10. கணக்குப் போட்டுப் பார்த்தால், அடர்ந்த மர நிழலில் சாதாரண லென்ஸைக் கொண்டு அதில் படமெடுக்க அரை வினாடிக்கு மேல் ஒளி விழ வேண்டும். அரை வினாடியில் ஒரு கதிர்க்குருவி மூன்று கிளை தாவிவிடும். ஆகவே போர்ட்டரும் பிளாஷ் பல்புகளையே நாடினார். அவரும் கூட்டையே நாடினார். ஆனால் விளக்கைக் காமிராவின் தலைமேல் வைத்து முகத்தில் அடிக்காமல், பக்கங்களில் நிறுத்திப் பறவைக்கு உருட்சி கொடுத்தார். கூட்டைச் சுற்றியுள்ள இலையும் பூவும் ஒளி பெறும்படி சட்டத்தை அமைத்தார். 1943-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அவருடைய வண்ணப் பறவைப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. வண்ணப் புகைப்படத்தைக் கலையென்று ஒப்பவே தயங்கிய காலம் அது. சுவரேறியவை மலைகளோ மனித முகங்களோ அல்ல. அரை அவுன்ஸ் எடையுள்ள சிட்டுகள்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கூட்டுப் படக்கலையை ஊன்றிச் செய்தவர்களில் ஒருவர் லவுதர் என்னும் ஆங்கிலேயர். 'இந்தியாவில் ஒரு பறவைப் படக்கலைஞன்' என்ற அவருடைய நூல் 1949-இல் வெளிவந்தது. ஆயினும் மனத்தைத் தொடும் கதை லோக் வான் தோவினுடையது. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சபுர் சென்று வந்த நம்மவர் பலருக்கு 'கேத்தே' சினிமா மாளிகை தெரிந்திருக்கும். அதன் அதிபர் இவர். 1915-இல் கோலாலம்பூரில் பிறந்த சீனச் செல்வர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியபோது கப்பலேறித் தப்பினார். வழியில் கப்பல் குண்டு வீச்சுக்கு இலக்காகி, உடலெங்கும் தீக்காயத்தோடு, சிறிது காலம் பார்வையும் இழந்து, முடிவில் இந்தியா வந்து சேர்ந்தார். அங்கே ஸாலிம் அலியின் நட்பு கிடைத்தது.

ஸாலிம் அலி அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன பறவையென்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியது அவர் வாழ்வின் திருப்பம். 1930-இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் தூக்கணாங்குருவிக் கூடுகளின் முன் பொழுதெல்லாம் அமர்ந்து, ஆண் குருவி ஒரு கூட்டைப் பாதி கட்டிப் பெண்ணுக்குக் காட்டி, அவள் ஏற்ற பின் அடுத்த கூட்டையும் அடுத்த பெண்ணையும் நாடும் விந்தையை விளக்கினார். 1941-இல் அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் வெளிவந்தது. அந்நூலின் வண்ணப் படங்கள் ஓவியங்களே. அந்த வேலையை அப்போது காமிரா செய்ய இயலவில்லை.

ஸாலிம் அலியிடம் காலமெல்லாம் கண்ட அறிவு இருந்தது. லோக்கிடம் காமிராவும் செல்வமும் ஆர்வமும் இருந்தன. இருவரும் பல பகுதிகளில் ஒன்றாகப் பறவை தேடினர். எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தக் கிளை வழியாகக் கூட்டுக்கு வரும் என்று முதலில் பார்த்துவிட்டுப் பின்னர் காமிராவை நாட்டினால் பாதி வேலை முடிந்தது என்பது இவ்வகைக் கூட்டுறவின் பயன். 1957-இல் லோக்கின் 'பறவைகளின் கூட்டம்' என்னும் நூல் வெளிவந்தது. 1964 ஜூனில் தைவானில் நடந்த திரைப்பட விழாவுக்குச் சென்றவர், மனைவியோடு விமான விபத்தில் இறந்தார். தம் ஆராய்ச்சிப் பயணங்களுக்குத் துணை நின்ற அந்த நண்பரை, 1985-இல் வெளியிட்ட சுயசரிதையில் ஸாலிம் அலி மறவாமல் நினைவுகூர்ந்தார். 1987-இல் ஸாலிம் அலியும் காலமானார்.

தமிழகத்தில் மா. கிருஷ்ணன் வேறொரு வழியில் சென்றார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் அவர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே செய்துகொண்ட கனத்த கருவியைச் சுமந்து, கறுப்பு வெள்ளையிலேயே காலமெல்லாம் படமெடுத்தார். யானையும் காட்டெருதும் அவருடைய பெரும் பொருள்கள் எனினும், 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் எழுதிய கட்டுரைகளில் வீட்டுப்புறத்துச் சிறு பறவைகளுக்கும் இடம் கொடுத்தார். படத்துக்கு ஒவ்வாத வேளைகளில் கோட்டோவியம் தீட்டிக்கொண்டார். வெளிச்சம் இல்லாதபோது படமெடுக்காமல் வரைந்துகொள்வது எத்தனை நல்ல வழக்கம்!

நம் நாட்டு ஒளியின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். ஆங்கில நூல்கள் காலை ஒளி, மாலை ஒளி என்று தாராளமாகப் பேசும். அங்கே கோடையில் சூரியன் சாய்ந்து எழுந்து சாய்ந்தே இறங்கும். கனிந்த ஒளி நெடுநேரம் நிற்கும். நம் நாட்டில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுகிறது. உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் முடித்தாக வேண்டும். அந்த வேளையில் ஒளி பக்கவாட்டில் இலையின் அடியே நுழைந்து, சிட்டின் வயிற்றையும் கழுத்தையும் தொடும். கண்ணில் ஒரு மினுக்குப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத பறவை, படத்தில் பாடம் செய்த பறவையாகவே தோன்றும். பத்து மணிக்கு மேல் ஒளி தலையில் விழுந்து முதுகைச் சுட்டு வெளுப்பாக்கும். கண் இருக்கும் இடம் குழியாக இருளும்.

பறவைக்குப் பறவை ஒளியும் மாற வேண்டும். குண்டுகரிச்சானின் கறுப்பும் வெள்ளையும் நேர் வெயிலில் ஒன்றையொன்று கெடுக்கும். கறுப்பில் இறகு தெரிந்தால் வெள்ளை பொரிந்துவிடும். அதற்கு மேகம் மூடிய வானமே நல்லது. தேன்சிட்டுக்கு அது ஆகாது. ஆண் தேன்சிட்டின் தலையிலும் தொண்டையிலும் மின்னும் பச்சையும் ஊதாவும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம். ஒளி படும் கோணம் தவறினால் அந்த மாணிக்கம் கரித்துண்டாகிவிடும். சூரியன் படமெடுப்பவனின் முதுகுக்குப் பின்னே இருந்து, சிட்டு அவன் பக்கம் தலை திருப்பும் அந்த நொடியில்தான் அது எரியும். இலை மண்டிய இடத்தில் வெள்ளை வயிற்றுச் சிட்டுகளின் மேல் பச்சைச் சாயல் படிவதையும் கவனிக்க வேண்டும். அது இலையிலிருந்து தெறித்த ஒளி.

சட்டத்தின் அமைப்புக்கு வந்தால், தொலைவு லென்ஸ்கள் எளிதாகக் கிடைத்த பிறகே படக்கலைஞன் கூட்டை விட்டு விடுதலை பெற்றான். இருபது முப்பதடி தள்ளி நின்று, பாடும் கிளையிலும் குளிக்கும் நீரிலும் சிட்டைப் பிடிக்கலானான். நீண்ட லென்ஸில் பறவை மட்டுமே துலங்கிப் பின்னணி கரைந்துபோகும் என்பதால் மன்சூரின் வெறுந்தளமும் திரும்பி வந்தது. காமிராவைச் சிட்டின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தினால் அது நம்மோடு சமமாக நிற்கும்; அண்ணாந்து எடுத்தால் வயிறும் வெளுத்த வானமுமே மிஞ்சும். பறவை பார்க்கும் திசையில் இடம் விட வேண்டும் என்பதையும் பழைய ஓவியர்கள் அறிந்திருந்தனர்.

கோடாக்ரோம் தயாரிப்பு 2009-இல் நின்றது. இன்றைய டிஜிட்டல் காமிராவின் வேகத்தை 3200 என்று வைத்தாலும் நல்ல படம் கிடைக்கிறது. அரை வினாடிக்கு மேல் கேட்ட அதே மர நிழலில் இப்போது வினாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். நிழலில் இருக்கும் பறவையை நிழலிலேயே எடுக்கலாம், இலையை விலக்க வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை. கேர்ட்டன் சகோதரர்களுக்கு இருந்த நெருக்கடி இன்று எவருக்கும் இல்லை.

சட்டமும் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 'வேட்டை' என்னும் சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தவனையும், கிளையை வெட்டிக் கூட்டில் வெயில் விழச் செய்தவனையும் சட்டம் ஒரே சொல்லால் அழைக்கிறது. 1981-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், அரிய பறவைகளைக் கூட்டருகே படமெடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. ஆயினும் குஞ்சுகளின் திறந்த வாயைக் காட்டும் படத்துக்கு இன்றும் ரசிகர் உண்டு. ரசிகர் உள்ளவரை இலையை விலக்கும் கையும் இருக்கும். சிலர் கைப்பேசியில் ஆண் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டு, எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று பறவையைப் பதறி ஓடிவரச் செய்து படமெடுக்கிறார்கள். இரையூட்டும் பருவத்தில் அந்தப் பதற்றத்தில் வீணாகும் நேரம் குஞ்சின் நேரம்.

வீட்டில் காமிரா வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கொல்லையில் மர நிழலின் ஓரமாக, பூனை பதுங்க இடமில்லாத இடத்தில், அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் வைக்க வேண்டும். சட்டிக்கு ஒரு முழம் தள்ளி, மெல்லிய காய்ந்த கிளை ஒன்றை நட்டுவைக்க வேண்டும். சிட்டு முதலில் அங்கே அமர்ந்து பார்த்துவிட்டுத்தான் நீரில் இறங்கும். காலையில் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கும்படி மேற்கு நோக்கி உட்கார வேண்டும். கிளைக்குப் பின்னே உள்ள மதிலோ செடியோ பத்தடிக்கு மேல் தள்ளியிருந்தால் அது கரைந்து நல்ல தளமாகும். முதல் மூன்று நாள் காமிராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். நான்காம் நாள் எந்தப் பறவை எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். முதலில் வருவது பெரும்பாலும் கொண்டைக்குருவி. கடைசியில், நீர் கலங்கி எல்லாரும் போன பின், தையல்சிட்டு.